ஆரஞ்சு சட்டை வரும் வரை

பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை என்றால், பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிற வேலை என்று அர்த்தம். "இதோ, அடுத்தது நீங்கதான்" என்று இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று டோக்கன் அக்காவுக்கே தெரியாது. அடுத்தது அவர்கள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், உள்ளே யாருடைய கடைவாயையோ குடைந்துகொண்டிருக்கும் டாக்டருக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். ஆனாலும் கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது. ஊரையே காக்க வைப்பதில் அவள் கைதேர்ந்தவள். தனக்காக யாராவது காத்து நின்றால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது, உடம்பெல்லாம் கூசிப்போய்விடும்.

பழக்கமில்லாததுதான் காரணம். அவளுக்காக யார் காத்திருந்தார்கள்? வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, அந்த நடையைத் தவிர. தெருவில் இறங்கினால் நாலடி முன்னால்தான் போவார். திரும்பியும் பார்க்க மாட்டார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் முகத்தைவிட முதுகுதான் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை கடைவீதியில் செருப்பு அறுந்து அவள் நின்றுவிட்டாள். அவர் வீடு போய்ச் சேர்ந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, "கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்ட பிறகுதான் கூட ஆள் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். கிளினிக்கில் எல்லோரும் சேர்ந்து சுற்றுலா போனபோதும் அதே கதை. அவள் கழிவறைக்குப் போன நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது. பாதி வழியில் யாரோ, "டோக்கன் அக்கா எங்க?" என்று கேட்டார்களாம். கேட்டுவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்களாம்.

அப்படிப்பட்டவள் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்கூட அவளுடையது இல்லை, மகளுடையது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிளைப் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைம்மா, இல்லன்னா பேட்டரி செத்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் ஸ்டார்ட் பண்ணினாள். ஸ்டார்ட் பண்ணுகிறோமே, சும்மா உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டோமே, கேட் வரை போவோமே என்று போனாள். இப்படிப் போய்ப் போய், கிளினிக்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் எட்டுப் போட்டு, லைசென்ஸ் வரைக்கும் வந்து நின்றது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல பைக்கா? விழுந்து பல்லு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"எங்க கிளினிக்லயே கட்டிக்குவேன். எனக்கு டோக்கன்கூட வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளைச் சேர்த்துவிட்டது நீச்சல் டீச்சர். பல் வேர் சிகிச்சைக்கு வந்து, காக்க வைத்த கோபத்தில் கவுன்டரில் வந்து சத்தம் போட்டவள், கவுன்டருக்கு அடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் பல்வலியையே மறந்துவிட்டாள். "அக்கா, நீங்களா வண்டி ஓட்டுறீங்க? அப்போ ஞாயித்துக்கிழமை பெட்ரோல் பங்க்குக்கு வந்துருங்க" என்றாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலை. தலை என்றால் முன்னால் போகிற வண்டி. கடைசியில் வருகிற வண்டிக்கு வால் என்று பெயர். வால், ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிற ஒரு கைவைக்காத மேல்சட்டை போட்டிருப்பார். அப்போது வாலாக இருந்தவர் பேக்கரிக்காரர். வண்டியைவிட அகலமான ஆள், ஆனால் குரல் மட்டும் பஞ்சு.

முதல் ஞாயிறு, சிக்னலில் பச்சை விழுந்ததும் அக்காவின் வண்டி அணைந்துபோனது. மறுபடியும் பச்சை, மறுபடியும் அணைந்தது. எதிர்ப் பக்கம் போய்விட்ட வண்டிகள் எல்லாம் ஓரம் கட்டி அவளுக்காக நின்றன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது ஞாயிறு இன்னும் விசேஷம். டீக்கடை வாசலில் சைடு ஸ்டாண்டைச் சரியாகத் தள்ளாமல் இறங்கினாள். அவள் வண்டி பக்கத்து வண்டி மேல் சாய, அது அதற்கடுத்த வண்டி மேல் சாய, டீ டம்ளரோடு நின்றவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வண்டியைத் தாங்கிப் பிடிக்க ஓடினார்கள். அப்போதும் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. "கண்ணாடி உடையலல்ல? விடுங்கக்கா, இங்க விழாத வண்டி எது?" என்று சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டருடைய மச்சான் ரொம்ப நாளாக அந்த வண்டி மேல் ஒரு கண் வைத்திருந்தார். "சும்மாதானே நிக்குது, குடுத்துருங்களேன்" என்று வரும்போதெல்லாம் கேட்பார். மகளிடம் போனில் கேட்டபோது, "உன் இஷ்டம்மா, ஓட்டுறது நீதானே" என்றுவிட்டாள். அக்கா ஒரு முடிவு எடுத்தாள். வீட்டுக்காரரிடமும் சொன்னாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை போய்ட்டு வர்றேன். என்னால அவங்க மறுபடியும் நிக்கிற மாதிரி ஆச்சுன்னா, திங்கட்கிழமை வண்டியை மச்சானுக்குக் குடுத்துடுவேன். பாவம், அவங்களை எத்தனை தடவைதான் படுத்துறது."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டே, "உம்" என்றார்.

மூன்றாவது ஞாயிறு நீர்த்தேக்கத்துக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் பெட்ரோல் பங்க் ஓரத்தில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, வழக்கம்போல மூலை விதியைச் சொன்னாள் நீச்சல் டீச்சர். கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை, அவரவர் வேகத்தில் வரலாம். எங்கே ரோடு பிரிகிறதோ, அங்கே தலைக்கு அடுத்து வருகிறவர் இறங்கி நின்று, போக வேண்டிய பக்கம் கையை நீட்ட வேண்டும். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசியாக வால் வந்ததும், மூலையில் நின்றவர் வாலுக்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். மூலையில் ஆள் இல்லையென்றால் நேராகப் போ என்று அர்த்தம்.

"ஆரஞ்சு சட்டை வர்ற வரைக்கும் வானமே இடிஞ்சு விழுந்தாலும் மூலையை விட்டு நகரக் கூடாது. மேல போன் எடுக்காது, அதனால எல்லாம் கையும் கண்ணும்தான். புரிஞ்சுதா?"

அக்கா எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டினாள்.

மரம் அறுக்கிற மரவாடி தாண்டி ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் தலைக்கு அடுத்த வண்டி அவளுடையதாகப் போய்விட்டது. நீச்சல் டீச்சர் அவளைப் பார்த்து ஒரு விரலைத் தரையை நோக்கிக் குத்தினாள். இங்கே நில்லுங்கள் என்று அர்த்தம்.  அக்கா இறங்கினாள், சைடு ஸ்டாண்டை இரண்டு தரம் உதைத்துப் பார்த்தாள், வலது பக்கம் ஏறுகிற ரோட்டைக் காட்டிக் கையை நீட்டினாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து திரும்பின. திரும்பும்போது ஒவ்வொருவரும் அவளுக்குத் தலையசைத்தார்கள். நம் கையைப் பார்த்து இத்தனை பேர் திரும்புகிறார்களே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கிளினிக்கில் அவள் நீட்டுகிற கையை யாரும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு தூரத்தில் ஆரஞ்சு சட்டை தெரிந்தது. அகலமான ஆள், ஹெல்மெட். அக்கா மளமளவென்று வண்டியில் ஏறினாள், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது, வாலுக்கு முன்னால் கச்சிதமாக வந்து சேர்ந்துகொண்டாள். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனாள். பின்னால் வந்தவர் ஒரு தடவை முந்தப் பார்த்தபோது, வால் முந்தக் கூடாதே என்று, "பின்னாடியே வாங்க" என்பதுபோல் கையை ஆட்டினாள். அவரும் பேசாமல் பின்னாலேயே வந்தார். வளைவுகளில் அவள் பயந்து பயந்து ஊர்ந்தபோது அவரும் ஊர்ந்தார். எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

நீர்த்தேக்கத்தின் கரையில் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வந்து நிறுத்தினாள். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிற தெம்பில், "வாலைக் கூட்டிட்டு வந்துட்டேன்!" என்று சத்தமாகச் சொல்லியும் விட்டாள்.

வால் ஹெல்மெட்டைக் கழற்றினார். முன்பின் தெரியாத முகம், கட்டை மீசை.

"யாரும்மா நீங்கல்லாம்?" என்றார் அவர். "நான் இங்க மதகு ரிப்பேர் வேலைக்கு வந்தவனுங்க. முந்திக்கிட்டு வந்துரலாம்னு பார்த்தேன், இந்தம்மா கையை ஆட்டி ஆட்டி விடவே மாட்டேன்னுட்டாங்க. சரி, மேல ஏதோ ஆபத்து போல, ரோடு தெரிஞ்சவங்க சொல்றாங்கன்னு மெதுவாவே வந்தேன்."

வேலையாட்கள் போடுகிற ஆரஞ்சு சட்டை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்படியென்றால் பேக்கரிக்காரர் எங்கே? நீச்சல் டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். அவரோடு புதுசாகக் கல்யாணமான ஜோடியின் வண்டியும் இல்லை. வழியில் ஏதோ பழுது, அவர்களுக்குத் துணையாக நின்றிருப்பார். இந்நேரம் மரவாடி மூலைக்கு வந்திருப்பார்கள். மூலையில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் நேராகப் போ. நேராகப் போனால் அந்த ரோடு எங்கேயோ அடுத்த ஊருக்குப் போகிறது. போதாக்குறைக்கு, எல்லோருக்கும் கொண்டுவந்த பன்னும் கேக்கும் மொத்தமாக வாலின் பெட்டியில் இருந்தன. பசியோடு நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.  போன வாரம் வரை அவளுக்காக நின்றார்கள், இன்றைக்கு அவளால் பட்டினியும் கிடக்கிறார்கள். திங்கட்கிழமை வண்டி மச்சானுக்குத்தான் என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

"பரவால்லக்கா. நீங்க உக்காருங்க, நான் கீழ போய் மூலையில நிக்கிறேன்" என்று நீச்சல் டீச்சர் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"இல்ல" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அது என் மூலை. நானே போறேன்."

"தனியா இறங்கிருவீங்களா?"

"தெரியல. ஆனா போறேன்."

இறங்குகிற ரோட்டில் தனியாக வண்டி ஓட்டியதே இல்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின. பாலத்து வளைவில் வண்டி அணைந்தது, எதிரே வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார். அவள் ஓரமாகத் தள்ளி நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் கிளப்பினாள். இன்றோடு இந்த வண்டிக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது, அதனால் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சொன்னபடி கேள் என்று அதனிடம் கெஞ்சினாள். கேட்டது.

மூலை காலியாகத்தான் இருந்தது. மரவாடியில் ரம்பம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கினாள், கையை நீட்டினாள், நின்றாள். தூறல் போட்டது. அந்த வழியாக வந்த ஒரு வேன் அவள் கையைப் பார்த்து நின்றது, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டது. "எங்கயும் போகலைங்க" என்றாள். "அப்புறம் எதுக்குக் கை காட்டுறீங்க?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார் வேன்காரர். தூறல் வலுத்து மழையானது. அவள் கையை மடக்கவில்லை. வருவார்களா, வர மாட்டார்களா, எங்கேயாவது விழுந்து கிடக்கிறார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. காக்க வைப்பவளுக்கு அன்றைக்குத்தான் காத்திருப்பவர்களின் வலி தெரிந்தது. கிளினிக்கில் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன. ஆனால் ஒன்று விசித்திரம். காத்திருப்பதில் அவளுக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அவர்கள் வந்தால் போதும் என்றிருந்தது, வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. சிக்னலில் தனக்காக நின்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

கடைசியில் தப்பான பக்கத்திலிருந்து இரண்டு விளக்குகள் வந்தன. முன்னால் அந்த ஜோடி, பின்னால் ஆரஞ்சு சட்டை. இந்தத் தடவை அக்கா முகத்தைப் பார்க்காமல் நம்பவில்லை. பேக்கரிக்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"மன்னிச்சுக்குங்கக்கா" என்றார் அவர் அந்தப் பஞ்சுக் குரலில். "இவங்க வண்டி செயின் கழண்டுருச்சு. மாட்டிட்டு வர்ற அவசரத்துல நீங்க நின்னதைக் கவனிக்காம நேரா போயிட்டோம். போய்ப் பார்த்தா அடுத்த ஊரே வந்துருச்சு, அப்பதான் தப்பா வந்துட்டோம்னு தெரிஞ்சுது. பாவம், மழையில நனைஞ்சுட்டீங்க."

அந்தப் புதுப் பெண் பின்சீட்டிலிருந்து, "சாரிக்கா" என்றாள். பேசாமல் இருந்திருந்தால் பழி அவர்கள் மேலேயே போயிருக்கும். ஆனால் அக்காவுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நீங்க கவனிக்காம போகலண்ணா. நான் இங்க இல்ல. வேற யாரையோ நீங்கன்னு நெனச்சு மேல கூட்டிட்டுப் போயிட்டேன்."

பேக்கரிக்காரர் சிரித்தார். மூலை காலியாக இருந்தது அவருக்குத் தெரிந்தேயிருக்கிறது, அந்த ஜோடிக்கு முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார் என்பது அவர் சிரிப்பில் தெரிந்தது.

"இப்ப நிக்கிறீங்கல்ல?" என்றார். "அது போதும்."

மேலே போனதும் கரையே அதிர்ந்தது. எல்லோரும் ஓடிவந்தார்கள், பன் பெட்டியை நோக்கி இல்லை, அவளை நோக்கி. யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து தலையில் போட்டார்கள். மதகு வேலைக்கு வந்தவருக்கும் இரண்டு பன் கொடுத்து, "எங்க பழைய வால்" என்று ஒவ்வொருவரும் கை குலுக்கினார்கள். அவர் ஒன்றும் புரியாமல் தின்றுகொண்டிருந்தார். அக்காவும் வாயில் பன்னை வைத்துக்கொண்டு சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

கிளம்பும் நேரத்தில் பேக்கரிக்காரர் அந்த ஆரஞ்சு சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"எதுக்குண்ணா? கிண்டலா?"

"கிண்டல் இல்லக்கா, வழக்கம். வாலைத் தொலைச்சவங்கதான் அடுத்த வால். போன வருஷம் நானும் தொலைச்சேன். தொலைக்காத ஆளுக்கு இந்தச் சட்டை கிடையாது. தொலைச்சவங்களுக்குத்தான் மூலையோட அருமை தெரியும்."

"எனக்கு வேகமா ஓட்ட வராதே."

"வாலுக்கு எதுக்கு வேகம்?" என்றாள் நீச்சல் டீச்சர்.

சட்டை அவளுக்குத் தொளதொளவென்று முழங்கால் வரை தொங்கியது. எல்லா வண்டிகளும் போன பிறகு, கடைசியாகக் கிளம்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அவசரப்படவில்லை. பாலத்து வளைவில் ஊர்ந்தாள். வண்டி அணைந்தது, கிளப்பினாள். மரவாடி மூலை வந்தது. அங்கே, தலை வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நீச்சல் டீச்சரே கை நீட்டி நின்றிருந்தாள், அவளைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அடுத்த மூலையில் அந்தக் கல்யாண ஜோடி. அதற்கடுத்து பேக்கரிக்காரர், ஆரஞ்சு சட்டை இல்லாமல் சாதாரண மனுஷராக. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் இருந்தார். அவள் வந்தால்தான் அவர்கள் நகர முடியும். அவள் வரும் வரைக்கும் அந்தப் பயணமே முடியாது. ஹெல்மெட்டுக்குள் அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். வாய்விட்டு, சத்தமாக, யாருக்கும் கேட்காமல். வண்டி மச்சானுக்கு இல்லை, திங்கட்கிழமையும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை.

பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் பிரிந்த பிறகு, வெயில் தாழ்ந்த நேரத்தில் அவள் தன் தெருமுனைக்கு வந்தாள். முனையில் யாரோ கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனிச் சட்டை. வீட்டுக்காரர்.

"இந்தப் பக்கம் வராதே!" என்று தூரத்திலேயே கத்தினார். "குழாய் போடுறேன்னு மத்தியானமே ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டானுங்க. தெரியாம வந்து உள்ள விழுந்துடப் போற. அந்தச் சந்து வழியா வா."

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"அது கெடக்குது. மழை பெஞ்சுது, உன்னைக் காணோம், அதான் வந்து நின்னேன்." சொல்லிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன சட்டை? முனிசிபாலிட்டியில வேலைக்குச் சேர்ந்துட்டியா?"

அக்கா வண்டியை நிறுத்தி, அவர் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வண்டியைக் குடுக்கப் போறியா, இல்லையா?" என்றார்.

"குடுக்கலை. நீங்க முன்னாடி போங்க. நான்தான் வால்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை இறக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்தார், எப்போதும்போல நாலடி முன்னால். அவள் முதல் கியரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தாள். சந்து திரும்புகிற இடத்தில் அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். அவள் வந்து சேரும் வரைக்கும் அங்கேயே நின்றார்.